டாலி சர்வர் பூட்டிக்கொண்டது: பொறுப்பு ஏஎம்சிகாரரா, கடைக்காரரா?

கடையில் டாலி (கணக்கு மென்பொருள்) ஓடும் சர்வரை ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) பூட்டிவிட்டது, ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு) எடுத்தவரைப் பொறுப்பாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏஎம்சி ஒப்பந்தத்தில் பேக்கப், ஃபயர்வால், அப்டேட் எல்லாம் அவர் வேலை என்று எழுதியிருந்தால் அவரைப் பிடிக்கலாம். வெறும் "ஆன்டிவைரஸ், சர்வீஸ்" என்றிருந்தால் கஷ்டம்.

ஆடிட்டர் வீட்டிலிருந்து பார்க்க ரிமோட் டெஸ்க்டாப் (வெளியிலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் வசதி) திறந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் வாசலாக இருக்கும்: ரவுட்டரில் அந்த வசதிக்கான 3389 போர்ட் வெளியுலகுக்குத் திறந்து, பாஸ்வேர்டும் லேசாக இருந்திருக்கும். ஆன்டிவைரஸ் இதைத் தடுக்காது. அட்மினாக உள்ளே வந்தவன் முதலில் அதைத்தான் அணைப்பான்.

லேன் கேபிளைப் பிடுங்குங்கள். ஏஎம்சிகாரர் அவசரப்படுத்தினாலும் ஃபார்மட் வேண்டாம், தடயம் போய்விடும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி லாகை (பாதுகாப்புப் பதிவேடு) 4625-க்கு, அதாவது தோற்ற லாகின் முயற்சிகளுக்கு, ஃபில்டர் செய்யுங்கள். வரிசையாகத் தோல்விகள், பிறகு லாகான் டைப் 10 (ரிமோட் டெஸ்க்டாப்) உடன் ஒரு 4624 (வெற்றியான லாகின்) வந்தால் அதே வழிதான். வந்த ஐபியும் அதிலேயே இருக்கும். 1102 தெரிந்தால் லாகை யாரோ அழித்திருக்கிறார்கள்.

போர்ட்டைத் திறக்கச் சொன்னது யார் என்ற பழைய வாட்ஸ்அப்பைப் பத்திரப்படுத்துங்கள். நீங்களே கேட்டிருந்தால் அது உங்களுக்கு எதிராகவும் பேசும்.

2022 உத்தரவுப்படி இந்தத் தாக்குதலை செர்ட்-இன்னுக்கு (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தாமதமானாலும் அனுப்பிவிடுங்கள்.