லக்சம்பர்க் கொடிக்கு நெதர்லாந்து ஃபைலையே போட்டுடலாமா?

கேள்வி: எங்க காலேஜ் ஃபெஸ்ட்ல ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரு ஐரோப்பிய நாடு, எங்களுக்கு லக்சம்பர்க். பிரிண்டிங் கடைக்காரர் "நெதர்லாந்தும் இதுவும் ஒண்ணுதான், அந்த ஃபைலையே போட்டுத் தர்றேன்"ங்கறார். சரின்னு சொல்லலாமா?

பதில்: வேணாம். மேல சிவப்பு, நடுவுல வெள்ளை, கீழ நீலம்னு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், அதனால கடைக்காரரை குத்தம் சொல்லவும் முடியாது, ஆனா நீலம் சுத்தமா வேற. லக்சம்பர்க்கோடது வானத்து நீலம், நெதர்லாந்தோடது அடர்ந்த கோபால்ட் நீலம். கொடி 1972லதான் சட்டமாச்சு, 1993ல ஷேடையும் நம்பர் போட்டு சொல்லிட்டாங்க: பான்டோன்ங்கற, பிரிண்டிங்ல கலருக்கு நம்பர் குடுக்கற சிஸ்டத்துல நீலம் 299 சி, சிவப்பு 032 சி. இந்த ரெண்டு நம்பரையும் கடைக்காரர்கிட்ட எழுதியே குடுத்துடுங்க. அளவும் மாறும், நெதர்லாந்து 2:3, இவங்களுது 3:5 இல்லன்னா 1:2, 3:5ன்னா 5 அடி நீளத்துக்கு அகலம் 3 அடி.

துணில அடிக்கும்போது இந்த மாதிரி நீலம் கொஞ்சம் இருட்டிடலாம், அப்படி ஆச்சுன்னா நேரா நெதர்லாந்து கொடிதான். அதனால முதல்ல கையகல துண்டுல ஒரு சாம்பிள் அடிக்கச் சொல்லி வெளிய வெயில்ல வச்சு பாருங்க, கடை டியூப்லைட்ல பார்த்துட்டு ஓகே சொல்லாதீங்க.

ஏன் இவ்வளவு ஒத்துப்போகுதுன்னு ஃபெஸ்ட்ல யாராவது கண்டிப்பா கேப்பாங்க. 1815ல வியன்னா மாநாட்டுல லக்சம்பர்க்கை கிராண்ட் டச்சி, அதாவது கிராண்ட் டியூக்குன்னு ஒரு பெரிய பிரபு ஆளுற நாடு ஆக்கி நெதர்லாந்து ராஜா முதலாம் வில்லியம்கிட்டயே குடுத்துட்டாங்க, 1890 வரைக்கும் ரெண்டு நாட்டுக்கும் ஒரே ஆள்தான் ராஜா. மூணாம் வில்லியம் செத்ததும் நெதர்லாந்து அவர் பொண்ணு வில்ஹெல்மினாவுக்கு போச்சு, லக்சம்பர்க் ஆண் வாரிசுக்குத்தான்னு சொல்லி நாசாவ் வம்சத்து அடால்ஃபுக்கு போச்சு. அப்போ கொடியையும் அங்கேருந்து எடுத்ததுதானேன்னு தோணும், ஆனா லக்சம்பர்க்காரங்க கணக்கே வேற: வெள்ளை நீலப் பட்டை மேல நிக்கிற சிவப்பு சிங்கம், அதான் அவங்க பழைய பிரபுக்களோட சின்னம், மூணு கலரும் அதுலேருந்து வந்ததுங்கறாங்க. சின்னம் நெஜமாவே நூத்தாண்டுக்கணக்கா பழசு, அதனால எனக்கு அவங்க சொல்றது நியாயமாத்தான் படுது, இருந்தாலும் பட்டையை இதே வரிசைல படுக்கப்போட்டதுல பக்கத்து வீட்டு வாடை கொஞ்சம் அடிக்கத்தான் செய்யுது.

இந்த குழப்பம் அவங்களுக்கே அலுத்துப்போய் 2006ல மிஷெல் வோல்டர்ங்கற எம்.பி. மூவர்ணத்தையே தூக்கிட்டு சிங்கக் கொடியை தேசியக் கொடியாக்கணும்னு மசோதா கொண்டுவந்தார். அரசாங்கம் அந்த அளவுக்குப் போகல, 2007ல நாட்டுக்குள்ள மக்கள் சிங்கக் கொடியையும் ஏத்திக்கலாம்னு நடுவுல முடிச்சிட்டாங்க. ரூட லேய்வ், அதாவது சிவப்பு சிங்கம்னு செல்லமா சொல்ற அந்தக் கொடில சிங்கத்துக்கு ரெட்டை வால், தலைல மஞ்சக் கிரீடம், நாக்கு நகம்கூட மஞ்சள், பார்க்க செம கெத்து. அவங்க கப்பல்லயும் விமானத்துலயும் இருக்கறது இதுதான்.

அதனால நெட்ல தேடும்போது சிங்கம் வந்தா பயந்துடாதீங்க, ஃபெஸ்ட்டுக்கு மூவர்ணமே போடுங்க. சிங்கம் வேணும்னா ஸ்டால் பேக்டிராப்ல வைங்க, நெதர்லாந்து ஸ்டால் எதிர்லயே இருந்தாலும் அதைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது.