போட்டியில் ஜெயிக்காத பிள்ளைக்கு என்ன சான்றிதழ்?

ஒன்பதாவது படிக்கும் மகளிடம் காட்டுவதற்கு ஒரு சான்றிதழ்கூட இல்லை, மார்க்கும் சுமார்தான் என்று வருத்தப்படுகிறீர்கள் அம்மா. அனுப்பியிருக்கிற ஆன்லைன் ஒலிம்பியாட் விளம்பரத்தை முதலில் ஒதுக்கி வையுங்கள். பணம் கட்டிய எல்லோருக்கும் வருகிற தாளுக்கு எங்கும் மதிப்பில்லை.

உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகளுக்குப் பொருந்துவது, பிரிட்டனில் 1956-ல் இளவரசர் பிலிப் தொடங்கிய எடின்பரோ கோமகன் விருது. இந்தியாவில் 'இன்டர்நேஷனல் அவார்டு ஃபார் யங் பீப்பிள்' என்ற பெயரில் நடக்கிறது. பதிவு செய்த பள்ளி அல்லது மையம் வழியாகத்தான் சேர முடியும். 14 வயதில் வெண்கலம் என்ற முதல் நிலையைத் தொடங்கலாம். சேவை, உடற்பயிற்சி, ஏதாவது ஒரு திறன் என மூன்றையும் வாரம் ஒரு மணி நேரம் வீதம் மூன்று மாதம் செய்ய வேண்டும். அதில் ஒன்றை மட்டும் இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும். கூடவே, குழுவாக இரண்டு பகல் ஓர் இரவு சாகசப் பயணம். இதில் யாரையும் முந்த வேண்டியதில்லை. தண்ணீரைக் கண்டாலே பயப்படுகிற பிள்ளை ஒரு முறை குளத்தின் அகலத்தை நீந்திக் கடப்பதையே இலக்காக வைத்துக்கொள்ளலாம்.

செய்வதையெல்லாம் எழுதிவைக்க ஒரு குறிப்பேடு உண்டு, எல்லாம் அதில்தான் இருக்கிறது. 'இன்று நீச்சல் போனேன்' என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. 'பாதியில் மூச்சு முட்டியது, சுவரைப் பிடித்தேன், மாஸ்டர் தலையை இறக்கச் சொன்னார்' என்று அவளே எழுதட்டும். பின்னாளில் நேர்முகத் தேர்வில் பேச்சு வருவது இதிலிருந்துதான். சரிபார்த்துக் கையெழுத்துப் போடுபவர் அந்த விஷயம் தெரிந்தவராக இருக்க வேண்டும். குடும்பத்தார் போடக் கூடாது, சித்தப்பா பி.இ.டி. மாஸ்டராகவே இருந்தாலும் சரி.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பொறியியல் கலந்தாய்வில் இதற்காகக் கட்-ஆஃப் ஏறாது, நீட்டிலும் அப்படித்தான். வெளிநாட்டுக் கல்லூரி விண்ணப்பக் கட்டுரைக்கும் உதவித்தொகை நேர்காணலுக்கும்தான் கை கொடுக்கும்.

உங்கள் பள்ளியில் இது இல்லையென்றால் சாரண சாரணியர் இயக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கே பிரவேஷ் என்ற நுழைவு நிலை, பிறகு சோபான் என்ற மூன்று படிகள் என்று படிப்படியாகத்தான் ராஜ்ய புரஸ்கார் என்ற மாநில விருதுக்குப் போக முடியும். ஒன்பதாவதில் சேர்ந்தால் நேரம் இழுக்கும். வீட்டில் ஆறாவது படிக்கிற தம்பி இருந்தால் அவனை இப்போதே சேர்த்துவிடுங்கள். தேசிய மாணவர் படையான என்சிசியில் 'ஏ' சான்றிதழுக்கு இரண்டு வருடப் பயிற்சி வேண்டும். பெரும்பாலும் எட்டாவதிலேயே ஆள் எடுத்துவிடுவார்கள். கல்லூரியில் சேர்ந்து 'சி' வரை போகலாம். ராணுவத்தின் என்சிசி சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வு இல்லாமல், அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்எஸ்பி நேர்முகத்துக்குப் போக அந்த 'சி' சான்றிதழ் உதவும்.

எதில் சேர்ப்பதானாலும் முதலில் அவளைக் கேளுங்கள். பாட்டு வகுப்பு உங்கள் ஆசையாக இருக்கலாம். அவள் சைக்கிள் ரிப்பேர் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால், திறன் பிரிவில் அதையே கேட்டுப் பாருங்கள்.