எட்டாம் வகுப்பில் என்ன படிக்கிறார்கள், எதைக் கவனிக்க வேண்டும்?

பெங்களூரிலிருந்து சொந்த ஊரான தேவகோட்டைக்குக் குடும்பத்தோடு திரும்பவிருக்கும் ஒருவர், மத்தியப் பாடத்திட்டத்தில் படித்த தம் மகளை இங்கே மாநிலப் பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்பில் சேர்க்கப் போவதாகவும், நடுநிலைப் பள்ளியின் கடைசி ஆண்டான அதில் என்னதான் படிக்க வேண்டியிருக்கும், பொதுத்தேர்வு இல்லாத ஆண்டு என்பதால் சற்று இளைப்பாறலாமா என்றும் கேட்டிருக்கிறார். காரைக்குடியை அடுத்த ஒரு நடுநிலைப் பள்ளியில் நெடுங்காலமாகக் கணிதம் கற்பித்துவரும் ஆசிரியை என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன்.

இளைப்பாறுவதற்குரிய ஆண்டு அன்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏழாம் வகுப்பு வரை கண்ணால் கண்டதையும் கையால் எண்ணியதையும் ஒட்டியே பாடங்கள் நகர்கின்றன. எட்டில்தான் கணிதம் எண்ணை விட்டு எழுத்துக்கும், தமிழ் தனிச் சொல்லை விட்டுப் புணர்ச்சிக்கும் யாப்புக்கும், வரலாறு கதையை விட்டுக் காரண காரியத்துக்கும் ஒரே நேரத்தில் தாவுகின்றன. ஒன்பதிலும் பத்திலும் தடுமாறும் பிள்ளைகளின் விடைத்தாள்களைப் பார்த்தால், பெரும்பாலும் தவறு அந்தந்த வகுப்புப் பாடத்தில் இருப்பதில்லை. எட்டாம் வகுப்பில் விட்டுப்போனதில்தான் இருக்கிறது.

தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாடங்கள். இவற்றோடு உடற்கல்வியும் ஓவியமும் உண்டு. இந்தி போன்ற மூன்றாவது மொழி மாநிலப் பாடத்திட்டத்தில் கட்டாயமில்லை. தமிழோ, 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்பு வரை கட்டாயப் பாடம். பெங்களூரிலிருந்து வரும் உங்கள் மகளுக்கு இதுதான் முதல் சோதனையாக இருக்கும் என்பதால் தமிழிலிருந்தே தொடங்குகிறேன்.

எட்டாம் வகுப்புத் தமிழ் நூலின் இலக்கணப் பகுதி எழுத்துகளின் பிறப்பில் தொடங்கி, வினைமுற்று, எச்சம், வேற்றுமை, தொகைநிலைத் தொடர், புணர்ச்சி, வல்லினம் மிகும் இடங்கள், யாப்பு, அணி என்று வரிசையாகச் செல்கிறது. தொண்டையிலும் நாவிலும் ஒலி எப்படிப் பிறக்கிறது என்பதில் தொடங்கி, அசையும் சீரும் தளையும் சேர்ந்து பா எப்படி அமைகிறது என்பது வரை ஒரே ஆண்டில் நடந்து முடியும் இந்த வரிசையை வகுத்தவர்கள் மிக நன்றாக வகுத்திருக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன். ஆனால் நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் பின்னால் எதுவும் நிற்காது. ‘காரைக்குடிக்குப் போனேன்’ என்பதில் ஒற்று மிகுகிறது. ‘காரைக்குடியில் பார்த்தேன்’ என்பதில் மிகுவதில்லை. ‘பெண்ணைப் பார்த்தேன்’ என்று எழுதும் நாம் ‘வந்த பெண்’ என்றே எழுதுகிறோம். வேற்றுமை உருபும் பெயரெச்சமும் முன்பே புரிந்திருக்கும் பிள்ளைக்கு இவை நான்கும் ஒரு நாள் பாடம். புரியாத பிள்ளையோ விதிகளை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு, அடுத்த பக்கத்துக் கட்டுரையிலேயே ஒற்றைத் தவறவிடும்.

செய்யுள் பகுதியில் தொல்காப்பியம், கலித்தொகை, நீலகேசி, கலிங்கத்துப்பரணி என்று பழைய நூல்களும், பாரதியார், வாணிதாசன், கவிமணி போன்ற பிற்காலத்தவரும் கலந்து வருகிறார்கள். சிவகங்கைக்காரரான கவிஞர் மீராவின் பாடலும் அந்நூலில் இருப்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தனி மகிழ்ச்சி. தமிழ் வரிவடிவம் வளர்ந்த விதம் பற்றிய உரைநடைப் பாடம் நடக்கும் வாரத்தில் மகளைப் பிள்ளையார்பட்டிக்கு அழைத்துச் செல்லுங்கள். குடைவரைக்குள் ஒரு பெருந்தச்சனைக் குறிப்பிடும் பழங்கல்வெட்டு, இன்றைய எழுத்துக்கும் பழைய எழுத்துக்கும் உள்ள தொலைவைக் கண்முன் நிறுத்தும்.

கணிதத்தில் எண்கள், அளவைகள், இயற்கணிதம், வாழ்வியல் கணிதம், வடிவியல், புள்ளியியல், தகவல் செயலாக்கம் என ஏழு பகுதிகள். வர்க்கமூலமும் கனமூலமும், வட்டக்கோணப்பகுதியின் பரப்பு, முக்கோணங்களின் சர்வசமமும் வடிவொப்பும், பிதாகரஸ் தேற்றம், நாற்கரம் வரைதல் எல்லாம் இந்த ஆண்டில் வருகின்றன. எனினும் ஒன்றை மட்டும் காப்பாற்றிக்கொள்ள முடியும் என்றால் நான் இயற்கணிதத்தைத்தான் சொல்வேன். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் பாதி, காரணிப்படுத்தத் தெரிந்திருப்பதை நம்பியே நிற்கிறது.

எந்த எண்ணை இட்டாலும் பொருந்தும் சமன்பாடுகளான முற்றொருமைகள் ஏழாம் வகுப்பின் இறுதியிலேயே எட்டிப்பார்த்தாலும், எட்டில்தான் அவை முழு வடிவில் வந்து, பெருக்கல், வகுத்தல், காரணிப்படுத்தல், சமன்பாடு, வரைபடம் என்று கிளைக்கின்றன. இரண்டு எண்களின் கூடுதலை வர்க்கப்படுத்தினால் தனித்தனி வர்க்கங்களின் கூடுதலே விடை என்று எழுதாத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. அப்போது நான் பலகையை விட்டுவிட்டு, ஆத்தங்குடிக் கல் எனப்படும் எங்கள் பக்கத்துச் சதுரத் தரையோடு பதித்த ஒரு சதுரத் தரைக்கு அவர்களை அழைத்துச் செல்வேன். பக்கத்துக்கு 13 கல் எண்ணச் சொல்லி, 10 கல்லுக்கு ஒரு சுண்ணக்கோடும் அதற்கு மேல் 3 கல்லுக்கு ஒரு கோடுமாக இரு திசையிலும் போட்டால், 100 கல் கொண்ட பெரிய சதுரமும் 9 கல் கொண்ட சிறிய சதுரமும், மூலைக்கு ஒன்றாக 30 கல் கொண்ட இரண்டு செவ்வகங்களும் கிடைக்கும். நான்கையும் கூட்டினால் 169. அந்த இரண்டு செவ்வகங்களைத்தான் பிள்ளைகள் மறக்கிறார்கள். குனிந்து கல்லை எண்ணிய பிள்ளை அதன்பிறகு மறப்பது அரிது.

வாழ்வியல் கணிதத்தில் சதவீதம், இலாபம், தள்ளுபடி, சரக்கு மற்றும் சேவை வரி, கூட்டுவட்டி ஆகியவை வருகின்றன. 10,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால் இரண்டு ஆண்டுத் தனிவட்டி 2,000, கூட்டுவட்டி 2,100. கூடுதலாக வந்த 100 ரூபாய் எங்கிருந்து வந்தது, அது முதலாண்டு வட்டியின்மேல் ஏறிய வட்டி என்பதைப் பிள்ளை தானே சொல்லும்வரை சூத்திரத்தைக் கொடுக்கக் கூடாது. பர்மாவிலும் மலேயாவிலும் வட்டித்தொழில் நடத்தியவர்களின் ஊர் இது. உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் பழைய கணக்கேடு ஏதும் இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். சமூக அறிவியலில் இடம்பெயர்தல் பற்றிய பாடத்துக்கும் அதே ஏடு உதவும்.

அறிவியல் நூலில் 23 பாடங்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் ஒரே நூலாக இருந்தாலும் பாடங்கள் தனித்தனியாகவே நிற்கின்றன. கடைசிப் பாடம் கணினியில் அட்டவணையிட்டுக் கணக்கிட உதவும் லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற மென்பொருள் பற்றியது. விசையும் அழுத்தமும், ஒளி, வெப்பம், மின்னியல், அணு அமைப்பு, அமிலம் காரம், நுண்ணுயிரிகள், பயிர்ப் பெருக்கம் என்று நீளும் இந்நூலை மனப்பாடத்தால் கடப்பது வீண் வேலை. சுண்ணாம்பு நீருக்குள் கரியமில வாயுவைச் செலுத்தினால் அது பால்போல் வெண்மையாகும் என்பதை எல்லாப் பிள்ளைகளும் எழுதுவார்கள். நீற்றுச் சுண்ணாம்பை அரைத்துப் பூசிய செட்டிநாட்டு வீட்டுச் சுவர், காற்றிலுள்ள அதே வாயுவை மெல்ல மெல்ல ஏற்றுத்தான் கல்போல் இறுகுகிறது என்றும், சோதனைக் குழாயில் வெண்மையாகத் தெரிந்த கால்சியம் கார்பனேட்டுதான் அந்த வீட்டுச் சுவரிலும் இருக்கிறது என்றும் சொன்னால், சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து அடுத்தடுத்துக் கேள்வி கேட்கிறார்கள்.

மின்னாற்பகுப்பும் மின்முலாம் பூசுதலும் வரும்போது, காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருப்பதை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட நிறுவனம் அது. மாணவர்கள் உள்ளே சென்று பார்க்கும் பொது நாள்கள் அறிவிக்கப்படும்போது தவறவிட வேண்டாம்.

அறிவியலில் இன்னொரு பாடத்தைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டும். வளரிளம் பருவமடைதல் என்ற பாடத்தில் உடல் மாற்றங்கள், நாளமில்லாச் சுரப்பிகள், மாதவிடாய், தன்சுத்தம் எல்லாம் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன. பல வகுப்பறைகளில் இதை ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று கடந்துவிடுகிறார்கள். பதின்மூன்று வயதுப் பெண்ணும் பையனும் தம் உடலைப் பற்றி மரியாதையான சொற்களில், ஒரு பெரியவரின் வாயால் கேட்பதற்குப் பள்ளி தரும் முறையான வாய்ப்பு இது. பள்ளியில் நடத்தினார்களா என்று கேளுங்கள். நடத்தவில்லை என்றால், அம்மாவோ அத்தையோ அந்தப் பாடத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும்.

சமூக அறிவியலில் ஐரோப்பியர் வருகை முதல் 1857 வரையிலான காலமே வரலாற்றின் முதுகெலும்பு. ‘மக்களின் புரட்சி’ என்னும் பாடத்தைச் செட்டிநாட்டில் படிக்கும் பிள்ளை தன் சொந்தச் சீமையைப் படிக்கிறது. 1772-இல் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் வீழ்ந்த காளையார்கோவில், அவருக்குப் பின் அவர் மனைவி வேலு நாச்சியார் ஐதர் அலியின் துணையோடு 1780-இல் மீட்ட சிவகங்கை, 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட திருப்பத்தூர் ஆகிய மூன்றும் தேவகோட்டையிலிருந்து பேருந்தில் போய் வரக்கூடிய ஊர்கள். ஒரு பெண் கணவரை இழந்து, திண்டுக்கல் பக்கத்து விருப்பாட்சியில் பல ஆண்டுகள் தங்கிப் படை திரட்டித் திரும்பியது எப்படி, ஆங்கிலேயர் கப்பத்தை ஏன் அவ்வளவு வற்புறுத்தினார்கள் என்று கேட்கத் தொடங்கினால் பாடம் முழுதும் விளங்கிவிடும். புவியியலில் பாறையும் மண்ணும், காலநிலை, நீரியல் சுழற்சி, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா. குடிமையியலில் மாநில அரசு, குடியுரிமை, மனித உரிமை, நீதித்துறை. பொருளியலில் பணமும் சேமிப்பும், பொதுத்துறையும் தனியார் துறையும். ஊருணியையும் செம்புராங்கல்லையும் பார்த்து வளரும் பிள்ளைக்குப் புவியியல் கடினமாக இருக்காது.

ஆங்கிலம் உங்கள் மகளுக்குச் சிரமம் தராது என்பதால் விரித்து எழுதவில்லை.

தேர்வைப் பொறுத்தவரை, காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வுகள் பள்ளியளவில் நடக்கும். எட்டாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வைக்க 2019-இல் வந்த அறிவிப்பு 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. எட்டாம் வகுப்பு வரை அனைவருக்கும் தேர்ச்சி என்பதே மாநிலத்தின் நடைமுறை. அது நல்ல முடிவு என்பதே என் கருத்து. அதற்காக மதிப்பெண் பட்டியலைப் பார்க்காமல் கையெழுத்திட்டுவிடாதீர்கள்.

அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ சேர்ப்பதாக இருந்தால், எட்டாம் வகுப்பில் எழுத வேண்டிய ஒரு தேர்வு உண்டு. தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு என்ற அதில், மனத்திறனுக்கு 90 வினா, பாட அறிவுக்கு 90 வினா. பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மிகாத பிள்ளைகள் எழுதலாம். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். ஏழு, எட்டாம் வகுப்புப் பாடங்களிலிருந்தே கேட்கிறார்கள். தலைமையாசிரியர் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் அரையாண்டுக்கு முன்பே நினைவூட்டுங்கள். நடுநிலைப் பள்ளியில் சேர்த்தால் ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளி தேட வேண்டியிருக்கும் என்பதையும் இப்போதே எண்ணி முடிவெடுங்கள்.

வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். தமிழ் தடுமாறுகிறது என்பதற்காக ஏழாம் வகுப்பில் உட்காரச் சொன்னால் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. பாடநூல்கள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பள்ளி திறப்பதற்குள் ஏழாம் வகுப்புத் தமிழ் நூலில் குற்றியலுகரத்தையும் பகுபதத்தையும், கணித நூலில் முழுக்களையும் இயற்கணிதத்தையும் முடித்துவிடச் செய்யுங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் தமிழை எடுத்துக்கொள்ளுங்கள். கணிதத்தை ஜூன் மாதத்தில் வகுப்பிலேயே பிடித்துவிடலாம்.