சேலை ஏன் தரையில் இழுபடுகிறது?

கேள்வி: வயது 61, உசிலம்பட்டி பக்கம். என் அம்மா இடுப்பு ஒடிந்து படுக்கையிலேயே போய்ச் சேர்ந்தார். அந்தப் பயத்தில் கால்சியம், கொலாஜன் பவுடர், ஒரு நாள் விட்டு ஒரு நாள் 60,000 யூனிட் வைட்டமின் டி என்று யூடியூப் பார்த்துச் சாப்பிடுகிறேன். கால்சியத்தால் கிட்னியில் கல் வருமா? விரலில் சொடக்கு விழுகிறது. மூன்று வாரம் முன் தண்ணீர்க் குடம் தூக்கியதில் முதுகு பிடித்தது, இன்னும் விடவில்லை. இப்போதெல்லாம் சேலை வேறு தரையில் இழுபடுகிறது. எந்தக் கம்பெனி மாத்திரை நல்லது?

பதில்: கம்பெனி கிடக்கட்டும் அம்மா. குடமும் சேலையும்தான் எனக்குக் கவலை.

வெறும் பிடிப்பென்றால் பெரும்பாலும் இதற்குள் தணிந்திருக்கும். மாதவிடாய் நின்றபின் எலும்பு உள்ளே அரித்துப்போனவர்களுக்கு ஒரு குடம் தூக்கினாலே, ஏன், பலமாக இருமினாலே முதுகெலும்பு நசுங்கிவிடும். நசுங்க நசுங்க ஆள் குள்ளமாவார். எப்போதும்போலக் கட்டிய சேலை தரையைக் கூட்டும். சுவரில் குதிகாலும் முதுகும் ஒட்ட, நேரே பார்த்து நில்லுங்கள். பின்தலை சுவரைத் தொடாவிட்டால் கூன் தொடங்கிவிட்டது. தொட்டாலும் சரி, இந்த வாரமே முதுகுக்கு எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். பெரியாஸ்பத்திரியிலேயே எடுக்கலாம். கால் மரத்தாலோ, சிறுநீர், மலம் அடங்காமல் போனாலோ அன்றைக்கே ஓடுங்கள். காலால் பிறந்தவர் மிதித்தால் சரியாகும் என்று யாராவது வருவார்கள், திண்ணையோடு அனுப்பிவிடுங்கள்.

எலும்பு நசுங்கியிருந்தால் கால்சியம் மட்டும் போதாது. வாரம் ஒரு மாத்திரை, வருடம் ஒரு ஊசி என்று அதற்கென்றே மருந்துகள் இருக்கின்றன.

அந்த 60,000 யூனிட்டை இன்றே நிறுத்துங்கள். குறைபாடு உள்ளவர்களுக்கே வாரம் ஒன்று, அதுவும் சில வாரங்களுக்குத்தான் தருகிறோம். மிஞ்சினால் கொழுப்பில் தங்கி, ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றி, கிட்னியைக் கெடுக்கும். யூடியூப்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். ரத்தத்தில் கால்சியமும், கிட்னியின் நிலையைச் சொல்லும் கிரியேட்டினினும் பாருங்கள். அதுவரை கால்சியம் மாத்திரையும் வேண்டாம். வாந்தி, அடங்காத தாகம், மலச்சிக்கல் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

சாப்பாட்டில் இருக்கும் கால்சியத்தால் கல் வராது. மாத்திரையால் வாய்ப்பு சற்றுக் கூடும். உங்கள் வயதுக்கு நாளுக்கு 1,200 மில்லிகிராம் தேவை, அதுவும் சாப்பாட்டையும் சேர்த்து. 200 மில்லி பாலில் சுமார் 240, நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350. குறைவதற்குத்தான் மாத்திரை, ஒரு வேளைக்கு 500-க்கு மேல் போகாமல், சாப்பாட்டோடு. கொலாஜனுக்குக் கொடுக்கும் காசில் பால் வாங்குங்கள். சொடக்கு விழுந்தால் விழட்டும்.

போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். முழங்கால் வலிக்கு மெடிக்கலில் ‘செட்டு’ மாத்திரை வாங்குவதுண்டானால் அதையும் சேர்த்து. அதில் ஸ்டீராய்டு இருந்தால் எலும்பு அரித்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் அதை மட்டும் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள்.