வாசகர் கேள்வி பதில்: அலாஸ்காவுக்குக் குடும்பத்தோடு கப்பலில்

அலாஸ்காக் கப்பல் பயணம் பற்றி வந்திருக்கும் கேள்விகளில், முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு போகிறவர்கள் கேட்டவற்றை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கடல்வழியில் ஒரு முறை என் தாயாரோடும் மறுமுறை குழந்தைகளோடும் போய்வந்த அனுபவத்தையும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சியாட்டிலில் இருக்கும் மகள், ஆகஸ்டு மாதம் எங்களை ஏழு நாள் அலாஸ்காக் கப்பலில் அழைத்துப்போக விரும்புகிறாள். எனக்கு 64 வயது, கணவருக்கு 70. கொடைக்கானல் குளிரைத் தவிர வேறு குளிரை நாங்கள் அறிந்ததில்லை. எங்களால் தாங்க முடியுமா? நான் புடவை மட்டுமே உடுத்திப் பழகியவள்.
(திருச்சியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: தாராளமாகத் தாங்க முடியும். கோடையில் கப்பல்கள் செல்லும் தென்கிழக்கு அலாஸ்கா, அந்தப் பெயரைக் கேட்டதும் மனத்தில் எழும் உறைபனி நாடு அன்று. ஜூலை, ஆகஸ்டில் அங்கே பகல் வெப்பநிலை பெரும்பாலும் 13 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். கொடைக்கானலின் மார்கழிப் பகலைப் போன்றதுதான். கப்பலின் உள்ளே எங்கும் கதகதப்பாக இருக்கும். நீங்கள் கவனிக்க வேண்டியவை காற்றும் ஈரமுமே. ஓடும் கப்பலின் மேல்தளத்தில் வீசும் காற்றும், பனியாற்றின் (மலையிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கும் பெரும் பனிக்கட்டியின்) மேலிருந்து வரும் காற்றும், வெப்பமானி காட்டுவதைக் காட்டிலும் அதிகமாக நடுங்கவைக்கும். கெச்சிக்கான் என்ற ஊரில் ஆண்டுக்குச் சுமார் 3,800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அங்கே நனையாமல் திரும்புவது அரிது.

ஆகவே கனமான ஒரே கோட்டை நம்பாமல், அடுக்கடுக்காக உடுத்துங்கள். உடம்போடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை, அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் தண்ணீரும் புகாத தொப்பி வைத்த மழைச்சட்டை, இவை மூன்றும் போதும். பருத்தி நனைந்தால் எளிதில் காயாது, குளிரை உடம்பிலேயே தங்கவைக்கும். கப்பலுக்குள் புடவை உடுத்துவதில் எந்தச் சிரமமும் இல்லை. ஆனால் கரையில் இறங்கும் நாள்களில் ஈரமான மரப்பாதையிலும் படகுப் படியிலும் புடவையின் கரை நனைந்து காலைத் தடுக்கும். என் தாயாரும் உங்களைப் போலத்தான் முதலில் மறுத்தார். இரண்டாம் நாளே சல்வாரும் காலுறையும் வழுக்காத மூடிய காலணியும் அணிந்து, எங்களுக்கு முன்னால் மேல்தளத்தில் போய் நின்றார். காதை மூடும் குல்லாவையும் கையுறையையும் மட்டும் மறக்காதீர்கள்.

கேள்வி: எட்டு வயதுப் பையனும் இரண்டு வயதுப் பெண்ணும் உடன் வருகிறார்கள். கப்பலில் அவர்களுக்குப் பொழுது போகுமா? அது பாதுகாப்பான இடமா?
(பெங்களூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பெரியவனைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பெரிய கப்பல்களில் வயதுவாரியாகப் பிரித்த சிறுவர் மன்றங்கள் உண்டு. சில மணி நேரம் அங்கே விட்டுவிட்டு வரலாம். ஆனால் பெரும்பாலான நிறுவனங்கள் மூன்று வயது நிறைந்து, டயப்பர் தேவைப்படாத குழந்தைகளைத்தான் அங்கே சேர்த்துக்கொள்கின்றன. ஆகவே சின்னவள் முழு நேரமும் உங்களோடுதான் இருப்பாள். டயப்பர் அணியும் குழந்தையை நீச்சல்குளத்தில் இறக்கவும் விடமாட்டார்கள். இதை முன்கூட்டியே அறிந்து, கணவனும் மனைவியும் முறைவைத்துப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்துகொண்டால் மனத்தாங்கல் வராது.

முதல் நாள் நடக்கும் அவசரகாலப் பயிற்சியில் குழந்தைகளோடு கலந்துகொள்ளுங்கள். அது வெறும் சடங்கு அன்று. 2012இல் இத்தாலியக் கரையருகே கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பயணிகளில் பலர் இன்னும் பயிற்சி பெற்றிருக்கவில்லை. அதற்குப் பின்னரே, கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி முடிந்தாக வேண்டும் என்று சர்வதேச விதி மாற்றப்பட்டது. உங்கள் கூடுமிடம் எது என்பதைப் பையனுக்கும் காட்டிக்கொடுங்கள். கப்பலில் வயிற்றுப்போக்கு விரைவாகப் பரவும் என்பதால், சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கைகழுவுவதையும் பழக்குங்கள். அந்த நோய்க்குக் காரணமான நோரோ வைரஸ், கைக்குத் தடவும் சானிடைசருக்கு எளிதில் அடங்குவதில்லை.

கேள்வி: நாங்கள் சைவம். ஏழு நாளும் ரொட்டியைத் தின்றே கழிக்க வேண்டுமா?
(கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: வேண்டியதில்லை. பயணச்சீட்டு எடுக்கும்போதே இந்திய சைவ உணவு வேண்டும் என்று பதிவு செய்யுங்கள். ஏறிய முதல் மாலையில் உணவுக்கூடத்தின் தலைமைப் பணியாளரிடமும் நேரில் சொல்லுங்கள். மறுநாளைக்கு என்ன வேண்டும் என்று முந்தைய இரவே கேட்டுச் சமைத்துத் தருவது பல கப்பல்களில் வழக்கம். சோறும் இனிப்பில்லாத தயிரும் கேட்டால் கிடைக்கும். அறையில் சமைக்க அனுமதியில்லை. மின்கெட்டில், இஸ்திரிப்பெட்டி போன்றவற்றை ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். வீட்டில் சமைத்த உணவையும் பொதுவாக ஏற்பதில்லை. கப்பலிலிருந்து பழங்களைக் கரைக்குக் கொண்டுசெல்லக் கூடாது என்பதையும் குழந்தைகளின் பையைக் கட்டும்போது நினைவில் வையுங்கள்.

கேள்வி: பால்கனி உள்ள அறைக்கு மிக அதிகமாகக் கேட்கிறார்கள். அவ்வளவு பணம் கொடுத்து உள்ளே உட்கார்ந்து பார்க்க அங்கே என்ன இருக்கிறது?
(சென்னையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பார்க்க வேண்டியது அத்தனையும் கப்பலுக்கு வெளியேதான் இருக்கிறது. நடக்கச் சிரமப்படும் பெரியவரோ கைக்குழந்தையோ உடன் இருந்தால் பால்கனி பயன்படும். மற்றவர்கள் அந்தப் பணத்தை நல்ல மழைச்சட்டைக்கும் ஒரு தொலைநோக்கிக்கும் செலவிட்டு, மேல்தளத்தில் நிற்பதே மேல் என்பது என் துணிபு. பால்கனியிலிருந்து ஒரு பக்கம்தான் தெரியும். திமிங்கிலம் மறுபக்கம் மூச்சு விட்டால் அயலார் ஆரவாரம் மட்டுமே உங்களுக்குக் கேட்கும்.

கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்கச் சொல்வது, அது அலாஸ்காவின் கிளேசியர் பே (பனியாற்று விரிகுடா) தேசியப் பூங்காவுக்குள் செல்லுமா என்பதைத்தான். நாளொன்றுக்கு இரண்டு பெரிய பயணக் கப்பல்களுக்கு மேல் அங்கே அனுமதிப்பதில்லை. காலையில் பூங்காக் காவலர்கள் சிறு படகில் வந்து, ஓடும் கப்பலில் ஏறி, அன்று முழுவதும் ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்வார்கள். யாரும் கரையில் இறங்குவதில்லை. 1794இல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் ஜார்ஜ் வான்கூவரின் குழு அங்கே வந்தபோது இந்த விரிகுடாவே ஏறக்குறைய இல்லை; பனிச்சுவர் வாயிலை அடைத்து நின்றது. 1879இல் இயற்கை ஆய்வாளர் ஜான் மியூர் வந்தபோது பனி முப்பது மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. ஒரு காலத்தில் பனியடியில் கிடந்த நிலத்தின் மீது இன்று பாசியும் புதரும் மரமும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிவருவதை, கப்பல் உள்ளே செல்லச் செல்லப் பின்னோக்கிப் படிக்கலாம்: வாயிலில் அடர்ந்த காடு, நடுவில் புதர், கடைசியில் வெறும் பாறை.

அந்தப் பாறைகளின் முடிவில் மார்ஜரி பனியாறு கடலுக்குள் இறங்குகிறது. ஒரு மைல் அகலம், நீருக்கு மேலே சுமார் 250 அடி உயரம். அதன் பிளவுகளில் தெரியும் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு அன்று. நெருக்கமாக அழுந்திய பனிக்கட்டி ஒளியின் சிவப்பை உள்வாங்கிக்கொண்டு நீலத்தை வெளியே விடுவதால் வருவது. கப்பல் அதன் முன்னே ஏறக்குறைய அசையாமல் நின்று, இரு பக்கத்தாரும் பார்க்கும்படி மெல்லத் திரும்பும். பனித்துண்டு உடைந்து விழுவதை முதலில் கண் காணும், அதன்பின்தான் ஓசை வந்து சேரும். இந்த மண்ணின் மூத்த குடிகளான ட்லிங்கிட் மக்கள் அதை வெள்ளை இடி என்று அழைத்தார்கள். அன்று என் எட்டு வயது மகன் இரண்டு மணி நேரம் ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றான். அந்த ஒரு நாளில் மட்டும் குழந்தைகளைச் சிறுவர் மன்றத்தில் விட்டுவிடாதீர்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். சிறிய பிளாஸ்க்கில் சூடான ஏதாவது வைத்துக்கொண்டு, முறைவைத்து உள்ளே போய்வந்தால் இரண்டு வயதுக் குழந்தையும் தாங்கும்.

கேள்வி: அமெரிக்க விசா இருக்கிறது. அது போதுமா?
(மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: போதாது. கனடாவின் வான்கூவர் நகரில் தொடங்கும் கப்பலுக்குக் கனடா விசா வேண்டும் என்பது வெளிப்படை. சியாட்டிலில் தொடங்கி அங்கேயே முடியும் கப்பலுக்கும் வேண்டும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வெளிநாட்டுக் கொடி ஏந்திய கப்பல், அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றியவர்களை அமெரிக்கத் துறைமுகத்திலேயே இறக்க வேண்டுமானால் இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும் என்பது 1886ஆம் ஆண்டுச் சட்டம். அதற்காகவே அந்தக் கப்பல்களில் பெரும்பாலானவை கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரமாவது நிற்கின்றன. நீங்கள் இறங்காமல் அறையிலேயே இருந்தாலும், இந்தியக் கடவுச்சீட்டில் கனடா விசா இல்லையென்றால் சியாட்டிலிலேயே ஏற்ற மறுப்பார்கள். அமெரிக்க விசா பலமுறை நுழைய இடந்தருவதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்குப் பேருந்திலேயே தலைசுற்றும். எந்த ஊரில் ஏறுவது நல்லது? எந்த மாதம்?
(கோவையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: வான்கூவரில் ஏறுங்கள். அங்கிருந்து வடக்கே செல்லும் வழி பெரும்பாலும் தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலான அமைதியான நீர்வழி. குவீன் சார்லட் சவுண்ட் போன்ற சில இடங்களில் மட்டும் சில மணி நேரம் திறந்த கடலின் அலை தெரியும். சியாட்டில் கப்பல்களில் பல, வான்கூவர் தீவின் மேற்கே பசிபிக் பெருங்கடலில் செல்வதால் ஆட்டம் கூடுதல். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுங்கள். இஞ்சி முரப்பா சிலருக்குக் கைகொடுக்கிறது. மாத்திரையைப் புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள், தலைசுற்றத் தொடங்கியபின் விழுங்கினால் பயன் குறைவு.

மாதத்தைப் பொறுத்தவரை, மே மாதத்தில் மழை குறைவு, மலையுச்சிகளில் பனி மிகுதி, கட்டணமும் பெரும்பாலும் தணிவு. ஜூனில் ஜூனோ நகரில் பகல் 18 மணி நேரம் நீளும் என்பதால் குழந்தைகளை உறங்கவைக்கத் திரைச்சீலையை இழுத்து மூட வேண்டியிருக்கும். ஆற்றில் சால்மன் மீன் ஏறுவதையும் அதைப் பிடிக்கக் கரடி வருவதையும் பார்க்க விரும்பினால் ஜூலை பிற்பாதியோ ஆகஸ்டோதான் சரி. உங்கள் ஆசை எது என்று நீங்கள் எழுதவில்லை; தலைசுற்றலை மட்டும் கருதினால் நான் ஜூனைச் சொல்வேன், ஏனெனில் செப்டம்பர் நெருங்க நெருங்கத் திறந்த கடலில் காற்று வலுக்கத் தொடங்கிவிடுகிறது.