ஏழு இருக்கை குடும்ப எஸ்யூவியில் டிராவல் டிரெய்லரைப் பாதுகாப்பாக இழுத்துச் செல்ல முடியுமா?

முடியும். ஆனால் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் டிரெய்லரை, அதாவது வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் அந்தச் சக்கர வீட்டை, நீங்கள் சொல்லும் ஐந்து பேருடன் இழுக்க வேண்டாம்.

உங்கள் க்ராஸ்ஓவர், அதாவது கார் அடித்தளத்தில் கட்டிய எஸ்யூவி, 5,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 2,270 கிலோ இழுக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். டிரெய்லரின் வெற்று எடை 1,770 கிலோ. வண்டியில் நீங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார். "இன்னும் 500 கிலோ மிச்சம் இருக்கிறது, கவலையே வேண்டாம்" என்று விற்பனையாளர் சொல்கிறார். நான் டொராண்டோவுக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் எங்களுக்கும் ஒருவர் இதே கணக்கைத்தான் போட்டுக் காட்டினார். நம்பி வாங்கினோம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்த 5,000 பவுண்டு பொய் இல்லை. வட அமெரிக்காவில் வண்டி தயாரிப்பவர்கள் பெரும்பாலும் எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே2807 தர நிர்ணயத்தின்படி இழுதிறனைச் சோதிக்கிறார்கள். அரிசோனாவில் டேவிஸ் அணை அருகே ஏறும் நீண்ட மேட்டுச் சாலைதான் அதன் அளவுகோல். ஏசியை முழு வேகத்தில் ஓடவிட்டு, டிரெய்லரோடு அந்த மேட்டை மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஏற வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் அப்போது வண்டிக்குள் இருப்பதாகக் கொள்ளப்படுபவர்கள் ஓட்டுநரும் பக்கத்தில் ஒருவரும் மட்டுமே, தலா 68 கிலோ. பின் இருக்கைகளில் பிள்ளைகள் இல்லை, மாமியார் இல்லை, ஐஸ் பெட்டியும் அரிசிப் பையும் இல்லை. விளம்பரத்தில் வரும் எண் இருவர் மட்டுமே இருக்கும் அந்த வண்டிக்கான எண்.

உங்கள் குடும்பத்துக்கான எண் வேறோர் இடத்தில் இருக்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவு நிலையில் டயர் காற்றழுத்தம் அச்சிட்ட ஒரு சிறு ஒட்டுத்தாள் தெரியும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் ஒரு வரி இருக்கும். ஓட்டுநரின் எடையும் அதில் அடக்கம். டிரெய்லரின் முன்பகுதி வண்டியின் கொக்கியை அழுத்துகிற எடையும் அதில் அடக்கம். இந்த இரண்டாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

என் வண்டியில் அந்த எண் 610 கிலோ. நாங்கள் இருவர் 145, அம்மா 60, பிள்ளைகள் இருவரும் சேர்ந்து 75, ஆக 280 கிலோ. பைகள், ஐஸ் பெட்டி, மடக்கு நாற்காலிகள் 75. ஹிட்ச் என்கிற இணைப்பில் எடையை முன்னும் பின்னும் பகிர்ந்தளிக்கும் கம்பிகள் 35. மொத்தம் 390. மீதம் இருப்பது 220 கிலோ. உங்கள் டிரெய்லருக்கு வருவோம். வெற்று எடை என்பது கடையில் நிற்கும்போது உள்ள எடை. கேஸ் சிலிண்டர், பேட்டரி, தண்ணீர், பாத்திரங்கள், மெத்தைகள் என்று சேர்த்தால் எளிதாக 300 கிலோ கூடும். எனவே சாலையில் அது 2,070 கிலோ. அதில் 13 சதவீதம் கொக்கியில் அமர்ந்தால் 270 கிலோ. இழுதிறனுக்குள் நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள். உங்கள் வண்டியும் என்னுடையது போன்றதே என்றால், அதன் சுமைத்திறனையோ 50 கிலோ மீறிவிட்டீர்கள். பின் அச்சு அமுங்கும், முன் சக்கரங்களின் பிடி தளரும். ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பெரும்பாலும் நம்பியிருப்பது அந்த முன் சக்கரங்களைத்தான்.

அப்படியானால் கொக்கியின் எடையைக் குறைத்துவிடலாமே, சாமான்களை டிரெய்லரின் பின்பக்கம் தள்ளிவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

என் தாத்தா பாரவண்டி ஓட்டியவர். நெல் மூட்டை ஏற்றியதும் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து தாங்காது; பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பிக் கழுத்துக் கயிறு மாட்டை இறுக்கும். கொஞ்சம் முன்பாரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்பார். டிராவல் டிரெய்லருக்கும் அதே விதிதான், அளவு மட்டும் நமக்கு எண்ணாகக் கிடைத்திருக்கிறது: நிறைந்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை முன்பாரம். அதற்குக் குறைந்தால் டிரெய்லர் இடமும் வலமுமாக வால் ஆட்டத் தொடங்கும்.

நான் அதைப் பார்த்திருக்கிறேன். கில்பேர் பூங்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். முன் பெட்டியில் இருந்த சாமான்கள் தீர்ந்திருந்தன, பின் பம்பரில் மூன்று சைக்கிள்களை மாட்டியிருந்தேன், பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்ய மறந்துவிட்டேன். நூறு லிட்டர் என்றால் நூறு கிலோ. நெடுஞ்சாலை 400, பாரியைத் தாண்டி ஹாலண்ட் மார்ஷ் சமவெளியை நோக்கி இறங்கும் இடத்தில் ஒரு பெரிய லாரி எங்களைக் கடந்தது. அதன் காற்று முதலில் தள்ளியது, பிறகு இழுத்தது. டிரெய்லர் ஒருமுறை அசைந்தது. மறுமுறை இன்னும் அகலமாக அசைந்தது. நான் பிரேக்கை மிதித்தேன், ஆட்டம் இரட்டிப்பானது. வண்டியின் பின்பகுதியே இடமும் வலமுமாக இழுபட்டது. பின் இருக்கையில் அம்மா பிள்ளைகளைக் கைகளால் அணைத்துக்கொண்டது கண்ணாடியில் தெரிந்தது.

பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தேன். டாஷ்போர்டுக்குக் கீழே இருந்த பிரேக் கன்ட்ரோலரின் கை விசையை அழுத்தினேன். டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் பிரேக் பிடித்தன, பின்னாலிருந்து யாரோ கயிற்றை இழுத்துப் பிடித்ததுபோல் எல்லாம் நேரானது. சில வினாடிகள்தான். அந்தச் சில வினாடிகளுக்காகவே இந்தக் கருவியைப் பற்றி எல்லோரிடமும் சொல்கிறேன். வால் ஆடினால் வண்டியின் பிரேக்கை மிதிக்காதீர்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள், எதிர்த் திசையில் வளைக்காதீர்கள். ஆக்சிலரேட்டரை விடுங்கள், நேராகப் பிடியுங்கள், டிரெய்லர் பிரேக்கைக் கையால் போடுங்கள்.

எங்கள் ஒண்டாரியோ மாகாணத்தில் 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். ஆனால் மின் பிரேக்கை இயக்கும் கன்ட்ரோலர் உங்கள் வண்டியில் இருக்க வேண்டுமே. குடும்ப க்ராஸ்ஓவர்கள் பலவற்றில் அது தொழிற்சாலையிலிருந்து வராது; ஏழு முனை மின் இணைப்போடு தனியாகப் பொருத்த வேண்டும். பொருத்தியதும் ஆளில்லாத வாகன நிறுத்தத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் கை விசையை அழுத்திப் பாருங்கள். டிரெய்லர் நன்றாகப் பிடித்து இழுக்க வேண்டும், சக்கரம் பூட்டிக்கொள்ளக் கூடாது.

உங்கள் மாடல் எது என்பதையும் சரிபாருங்கள். ஒரே பெயரில் வரும் வண்டிகளுக்குள்ளேயே வேறுபாடு பெரிது. ஹோண்டா பைலட் நான்கு சக்கர இயக்கத்தில் 5,000 பவுண்டு இழுக்கும், முன்சக்கர இயக்கத்தில் 3,500தான். டொயோட்டா ஹைலேண்டரின் பெட்ரோல் வண்டிக்கு 5,000, ஹைப்ரிடுக்கு 3,500. எடைப் பகிர்வு ஹிட்ச்சை உங்கள் வண்டிக்குப் போடலாமா என்பதற்கும் கையேட்டில்தான் விடை இருக்கும். சில தயாரிப்பாளர்கள் வேண்டாம் என்று சொல்கிறார்கள், அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டிரெய்லருக்கான எஸ்டி வகை டயர்கள் பலவும் மணிக்கு 65 மைலுக்கு, அதாவது 105 கிலோமீட்டருக்கு வடிவமைக்கப்பட்டவை. நான் 90ஐத் தாண்டுவதில்லை. வலப்பக்கத் தடத்திலேயே போகிறேன். எல்லோரும் கடந்து போகட்டும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே இறங்காமல் முன்கூட்டியே கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள். புதிதாக மாட்டிய சக்கரத்தின் நட்டுகளை முதல் 80 கிலோமீட்டர் போனதும் மறுபடி முறுக்கிப் பாருங்கள். பக்கக் கண்ணாடிகளுக்கு நீட்டிப்பு வாங்குங்கள். இல்லாவிட்டால் பின்னால் வருவது எதுவும் தெரியாது.

மாமியாருக்கு முதுகு வலி, டிரெய்லரில் படுத்துக்கொண்டு வரட்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். கூடாது. ஓடும் டிரெய்லரில் ஆள் இருப்பதை ஒண்டாரியோ சட்டம் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் சம்மதிக்க மாட்டேன். அந்த இறக்கத்தில் ஆடியது எதுவென்று எனக்குத் தெரியும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள், அவர் இறங்கி நடக்கட்டும்.

உங்களுக்கு ஏற்றது வெற்று எடை 1,350 கிலோவுக்குள் இருக்கும் டிரெய்லர். 300 கிலோ ஏறினாலும் 1,650, முன்பாரம் 215 கிலோ. என் வண்டியின் கணக்குக்குள் மயிரிழையில் அடங்குகிறது. நாங்களும் பெரியதை விற்றுவிட்டு அப்படி ஒன்றைத்தான் வாங்கினோம். கட்டில்கள் நெருக்கமாக இருக்கின்றன, பிள்ளைகள் அதையே விரும்புகிறார்கள். முதல் பயணத்துக்கு முன் எல்லாச் சாமான்களையும் எல்லா ஆட்களையும் ஏற்றிக்கொண்டு, லாரிகள் நிற்கும் இடங்களில் இருக்கும் 'கேட்' (CAT) நிறுவனத்தின் எடைமேடைக்குப் போங்கள். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் மூன்றையும் தனித்தனியாக எடைபோட்டுச் சீட்டு தருவார்கள். டிரெய்லரைக் கழற்றிவிட்டு வண்டியை மட்டும் ஒருமுறை எடைபோட்டால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் உங்கள் முன்பாரம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

முன்பணம் கொடுக்கும் முன் கதவு நிலையிலுள்ள அந்தத் தாளைப் பார்த்து, அதிலுள்ள கிலோ எண்ணையும் வண்டியின் மாடல் ஆண்டையும் கீழே கருத்துப் பகுதியில் எழுதுங்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பதில் சொல்கிறேன்.