பன்னிரண்டு சதம்

கேள்வி: கனடாவின் இளம் உடுப்பு வடிவமைப்பாளர்கள் சிலரைச் சமூகப் பொறுப்புள்ளவர்கள் என்று பாராட்டிப் போன இதழில் எழுதியிருந்தீர்கள். என் மகள் ஃபாஷன் படிக்கிறாள், அவளும் இதே பாட்டுத்தான். போன கிழமை 95 டொலருக்கு ஒரு சேட் வாங்கி வந்து, "இது சமூகப் பொறுப்போடு தைத்தது அப்பா" என்கிறாள். மோலில் அதே மாதிரிச் சேட் 15 டொலர். இது வசதியானவர்கள் தங்கள் மனச்சாட்சிக்குப் பூசிக்கொள்கிற சந்தனம் இல்லையா? மலிவுச் சேட்டை நாங்கள் வாங்காமல் விட்டால் பங்களாதேஷில் தைக்கிற பெண்ணுக்குத்தானே வேலை போகும்?

— பெயர் வேண்டாம் என்ற வாசகர், ஸ்காபரோ

பதில்: சந்தனம் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்களிடம் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் மகளின் சேட்டுக்குக் கணக்குப் பார்ப்போம்.

ரொறன்ரோவில் ஒரு சின்ன வடிவமைப்பாளர் ஐம்பது சேட் தைப்பிக்கிறார் என்று வையுங்கள். துணி, பொத்தான், நூல் எல்லாம் சேட் ஒன்றுக்கு 17 டொலர். வெட்டித் தைக்க ஒன்றரை மணி நேரம். ஒன்ராறியோவில் ஆகக் குறைந்த சம்பளமே மணிக்கு 17 டொலருக்கு மேல் என்பதால் கூலி 26 டொலர். மொத்தம் 43. கடையில் வைத்தால் கடைக்காரர் வாங்கிய விலையை இரண்டால் பெருக்கித்தான் விற்பார், அது இந்தத் தொழிலின் வழக்கம். ஆக 95 டொலரில் வடிவமைப்பாளர் கைக்கு வருவது 47 டொலர் 50 சதம். செலவு போக மிச்சம் நாலரை டொலர். அதில்தான் அந்தப் பிள்ளை வாடகையும் கட்ட வேண்டும், தையல் மெஷினுக்குக் கடனும் அடைக்க வேண்டும். இவர் உங்களைக் கொள்ளையடிக்கிறார் என்கிறீர்களா?

இனி உங்கள் 15 டொலர் சேட். 2013இல் கனேடிய வார இதழ் ஒன்றில் ஒரு கணக்கு வந்தது. பங்களாதேஷில் தைத்து இங்கே 14 டொலருக்கு விற்கிற சேட்டில் தைத்தவர்களுக்குப் போனது 12 சதம். தொழிற்சாலை முதலாளியின் லாபம் 58 சதம். துணியும் கப்பல் கூலியும் போக, மிச்சத்தில் பெரும்பங்கு இங்கே விற்கிறவருக்கு. சரி, தைத்த பெண்ணின் கூலியை இரட்டிப்பாக்குங்கள். அந்த உயர்வை ஒரு சதம் விடாமல் உங்கள் தலையிலேயே கட்டினாலும் சேட்டின் விலை 14 டொலர் 12 சதம்.

இதில்தான் உங்கள் கேள்வி சறுக்குகிறது. 15 டொலர் சேட்டை வாங்குவதா விடுவதா என்று கேட்கிறீர்கள். வாங்காதே என்று டாக்காவில் தைக்கிற பெண்கள் யாரும் கேட்கவில்லை, உங்கள் மகளும் கேட்டிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். அந்தப் பெண்கள் கேட்பது அந்தப் பன்னிரண்டு சதத்தை. 2010 முதல் 2013 வரை அவர்களின் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் அந்த நாட்டுக் காசில் 3,000 டக்கா. 2023 கடைசியில் தெருவில் இறங்கி, அடிபட்டு, சிலர் செத்தும் போன பிறகு அது 12,500 ஆனது. அவர்கள் கேட்டது 23,000. உங்கள் மோலில் விலை கூடுகிறதா குறைகிறதா என்பது அந்தப் போராட்டத்தில் யாருக்கும் நினைவிலேயே இருந்திருக்காது.

மோல் முழுக்க ஏன் பங்களாதேஷ் உடுப்பு என்பதற்கும் கனடாவில்தான் பதில் இருக்கிறது. 2003 ஜனவரியில் மிக வறிய நாடுகளின் உடுப்புக்கு ஒட்டாவா வரியையும் கோட்டாவையும் எடுத்துவிட்டது. மற்ற பல நாடுகளின் உடுப்புக்கு வரி 18 விழுக்காடு வரை போகும். வாங்குகிற கொம்பனிகள் எங்கே ஓடும்? நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான். வரி போனது. கட்டடத்தின் தூண் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆள் போகவில்லை.

ராணா பிளாசாவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2013 ஏப்ரல் 23ஆம் தேதி டாக்காவுக்கு அருகே சாவாரில் அந்த எட்டு மாடிக் கட்டடத்தில் விரிசல் விழுந்தது. கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. அடுத்த நாள் காலை தையல் தொழிலாளரை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள். இடிபாட்டில் கனடாவின் பெரிய சுப்பர்மார்க்கெட் கொம்பனியான லொப்லோ விற்கிற ஜோ ஃப்ரெஷ் உடுப்புகள் கிடந்தன. விலை கூடிய பெனட்டனுக்குத் தைத்த உடுப்பும் கிடந்தது. இதை உங்கள் மகளும் குறித்துக்கொள்ளட்டும்: விலை கூடினால் கூலியும் பாதுகாப்பும் கூடும் என்று ஒரு விதியும் கிடையாது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையில் முக்கியம். லொப்லோ மற்றப் பல கொம்பனிகளைப்போல ஓடி ஒளியவில்லை, நட்ட ஈட்டு நிதிக்குப் பணம் போட்டது, பங்களாதேஷை விட்டு விலகவும் இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் செத்தவர்களின் குடும்பங்கள் ரொறன்ரோ நீதிமன்றத்தில் வழக்குப் போட்டபோது கதை வேறு. அந்தத் தொழிற்சாலையை இடிவதற்கு முன்பே ஒரு சோதனை நிறுவனம் போய்ப் பார்த்துத்தான் இருந்தது. வேலை நேரம், வயது எல்லாம் பார்த்தார்கள். கட்டடம் நிற்குமா என்று பார்ப்பது அவர்களுக்குக் கொடுத்த வேலையில் இல்லை. 2017இல் வழக்குத் தள்ளுபடி ஆனது: பொருந்துவது பங்களாதேஷ் சட்டம், காலக்கெடு கடந்துவிட்டது, இன்னொருவரின் தொழிற்சாலைத் தொழிலாளருக்கு இங்கே வாங்குகிறவர் பொறுப்பில்லை. 2018இல் மேன்முறையீடும் தோற்றது, 2019இல் உச்ச நீதிமன்றம் கேட்கவே மறுத்தது. வழக்குச் செலவையும் அந்தக் குடும்பங்கள் தலையில் வைத்தார்கள். மேல் நீதிமன்றம் தொகையைக் கொஞ்சம் குறைத்தது, அவ்வளவுதான்.

ஆக, "நாங்கள் சமூகப் பொறுப்புள்ளவர்கள்" என்று இணையத்தளத்தில் எழுதினால் அது சட்டத்தின் முன் வெறும் பேச்சு. அதே 2013இல் தொழிற்சங்கங்களோடு கொம்பனிகள் ஓர் ஒப்பந்தம் போட்டன, லொப்லோவும் கையெழுத்திட்டது. அதில் சொன்ன சொல்லை மீறினால் நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். அந்த ஒப்பந்தத்தால்தான் 1,600க்கு மேற்பட்ட தொழிற்சாலைகளில் பொறியியலாளர்கள் போய்த் தூணைத் தட்டிப் பார்த்தார்கள், தீக்கதவு போட்டார்கள். எனக்குச் சமூகப் பொறுப்பு என்றால் அந்தக் கையெழுத்துத்தான். மீறினால் வலிக்க வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்து நம் இளம் வடிவமைப்பாளர்களைப் பார்த்தால் சிலர் நன்றாகவே நிற்கிறார்கள், சிலர் வழுக்குகிறார்கள்.

ரொறன்ரோவில் 2015இல் தொடங்கிய கொட்ன் என்ற உடுப்புக் கொம்பனி எகிப்தில் நைல் டெல்டாவின் பருத்தி விவசாயிகளிடம் நேரடியாகவே வாங்குகிறது. அங்கே பள்ளிக்கூடங்களும் கட்டியிருக்கிறது. நல்லதுதான், ஆனால் பள்ளிக்கூடம் தர்மம். நேரடியாக வாங்குவதுதான் வியாபாரம், எனக்குப் பிடித்தது அதுதான். அனிஷினாபே, மோஹாக் பூர்வகுடிகளைச் சேர்ந்த லெஸ்லி ஹாம்ப்டன் எந்தப் பருமனுக்கும் பொருந்துகிற உடுப்புச் செய்கிறார்.

இஸி கமில்லேரி இளையவர் இல்லை, ஆனாலும் அவரைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. சக்கர நாற்காலியில் இருக்கிறவர்களுக்காக 2009இல் உடுப்பு வெட்டத் தொடங்கியவர். நாம் போடுகிற ஜீன்ஸ் நிற்கிறவருக்கு வெட்டியது. நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்குப் பின்பக்கம் இறங்கிவிடும், முன்பக்கம் மடிந்து வயிற்றில் குத்தும், பின் பொக்கற்றின் தையல் தோலைப் புண்ணாக்கும். அவர் பின்பக்கத்தை உயர்த்தினார், பொக்கற்றை எடுத்தார், குளிர்க் கோட்டின் பின்பாதியை வெட்டிக் குட்டையாக்கினார். 2014இல் றோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. 2016இல் கடையை மூடினார், 2018இல் திரும்பத் திறந்தார். நல்ல உடுப்பு என்பதற்காக மட்டும் வியாபாரம் நிலைத்துவிடாது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

வழுக்குகிற இடம் "மிருகத் தோல் இல்லை" என்று பெருமையாகத் தைக்கிற லேபிள். வட கனடாவில் நுனாவுட்டின் ரான்கின் இன்லெட்டிலிருந்து வந்த விக்டோரியா ககுக்டினிக் சீல் என்கிற கடல்நாயின் தோலில் பார்க்கா என்ற அழகான குளிர்க் கோட்டுத் தைக்கிறார். அங்குள்ள பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் கடல்நாயை வேட்டையாடி இறைச்சியை உண்கிறார்கள், தோலை உடுக்கிறார்கள். 1983இல் ஐரோப்பா வெள்ளைக் குட்டிகளின் தோலுக்குத் தடை போட்டது. இனுயிட் வேட்டைக்கு விதிவிலக்கு இருந்தும் சந்தை அவர்களுக்கும் சேர்த்தே விழுந்தது. கிராமங்கள் வருமானம் இழந்தன. 2009இல் தடை இன்னும் விரிந்தது, அதிலும் விதிவிலக்கு எழுதியிருந்தார்கள், பலன் கொஞ்சம்தான். அதற்குப் பதில் நகரத்துக் கடையில் தொங்குவது எது? பாலியெஸ்டரில் செய்த போலி ரோமம். வன்கூவர் ஆய்வாளர்கள் ஆர்க்டிக் கடல் நீரை எடுத்துப் பார்த்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், அதில் இருந்த செயற்கை இழைகளில் 73 விழுக்காடு பாலியெஸ்டர். இனுயிட் மக்களின் தோல் வியாபாரத்தைக் கெடுத்ததும் நாம், அவர்களின் கடலில் நூல் கரைப்பதும் நாம். இதில் எது பொறுப்புள்ள உடுப்பு என்று ரொறன்ரோவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை.

"கனடாவில் தைத்தது" என்றால் போதுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். அந்த வாசகத்துக்குச் செலவில் 51 விழுக்காடு இங்கே ஆகியிருக்க வேண்டும், கடைசியாகப் பெரிய மாற்றம் இங்கே நடந்திருக்க வேண்டும், வெளிநாட்டுச் சரக்கு இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அதில் கூலியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் வந்த புதிதில் ஒரு தையல் தொழிற்சாலையில் நூல் வெட்டியிருக்கிறேன். பெயர் எதற்கு? துண்டுக் கணக்கில் கூலி, மாதக் கடைசியில் துண்டுகள் எப்படியோ குறைந்துவிடும். அதே காலத்தில் சீனப் பெண்கள் வீட்டு அடித்தளத்தில் இரவிரவாகத் தைத்தார்கள், பலருக்கு ஆகக் குறைந்த சம்பளம்கூடக் கிடைக்கவில்லை. எல்லா உடுப்பிலும் கனடாக் கொடி இருந்தது.

மொன்றியலில் பிறந்த டோவ் சார்னி லொஸ் ஏஞ்சலிஸில் அமெரிக்கன் அப்பரல் நடத்தினார். கூலி சுரண்டாத தொழிற்சாலை என்பதே அவருடைய விளம்பரம். 2015இலும் 2016இலும் கொம்பனி நொடித்தது. 2017 ஜனவரியில் மொன்றியலின் கில்டன் அந்தப் பெயரை ஏலத்தில் 88 மில்லியன் அமெரிக்க டொலருக்கு எடுத்தது. தொழிற்சாலையை எடுக்கவில்லை. ஆயிரக்கணக்கில் வேலை போனது, தைப்பது பெரும்பாலும் மத்திய அமெரிக்காவுக்குப் போனது. லேபிளின் பெயரை மட்டும் தனியாகப் பிரித்து விற்க முடிந்தது, பார்த்தீர்களா?

2024 ஜனவரியிலிருந்து கனடாவில் ஒரு சட்டமும் இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கொம்பனிகள் தங்கள் பொருட்களில் கட்டாய உழைப்போ சிறுவர் உழைப்போ கலப்பதைத் தடுக்க என்ன செய்தார்கள் என்று வருடா வருடம் அறிக்கை தர வேண்டும். தராவிட்டால் 250,000 டொலர் வரை தண்டம். "ஒன்றும் செய்யவில்லை" என்று உண்மையாக எழுதி அனுப்பினால் தண்டம் இல்லை. நான் பகிடி விடவில்லை, சட்டம் கேட்பது அறிக்கையை மட்டும்தான்.

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் போருக்குப் பிறகு வந்த கார்மென்ட்களில் நம் பிள்ளைகளும் உலகக் கடைகளுக்குத்தான் தைக்கிறார்கள். உங்களுக்கும் அங்கே சொந்தக்காரர் யாராவது இருக்கக்கூடும். வேலை போகுமே என்ற உங்கள் பயம் அங்கிருந்து வருவது என்றால் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பிள்ளையிடம் தொலைபேசியில் கேட்டுப் பாருங்கள், "வேலை போனால் பரவாயில்லையா" என்று அல்ல, "ஒரு சேட்டுக்கு உனக்கு எவ்வளவு" என்று.

உங்கள் மகளுக்கும் ஒரு வேலை தருகிறேன். 95 டொலர் சேட்டை விற்ற கடைக்கு எழுதச் சொல்லுங்கள்: தைத்தவர் யார், மணிக்கு எவ்வளவு, பேசியபடி கொடுக்காவிட்டால் அவர் எங்கே போய் முறையிடலாம்? பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன். வராவிட்டால் அதையும் போடுகிறேன்.